நிறுத்தக் கூடாத மாத்திரை

அந்த வழக்கில் நான் தாக்கல் செய்த ஆவணங்களில் மிக முக்கியமானது கையகல ஓ.பி. சீட்டு ஒன்று. அதில் இரண்டு தேதிகள் இருந்தன. முதல் தேதிக்கு நேரே வலிப்பு என்றும், கார்பமாசெபின் மாத்திரை இரு வேளை என்றும் எழுதியிருந்தது. பதினெட்டு நாள் கழித்து வந்த இரண்டாவது தேதிக்கு நேரே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்று குறித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘சி.எஸ்.டி.’ என்று முடித்திருந்தார்கள். ஏற்கெனவே தரும் சிகிச்சையை அப்படியே தொடரவும் என்பதற்கு அரசு மருத்துவமனைகளில் எழுதும் சுருக்கம் அது. அதன்படியே தொடர்ந்தார்கள். அடுத்த நான்கு நாளில் அந்தப் பெண்ணின் முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

2012-ல் நடந்தது இது. கரிசல் பக்கத்துக் கிராமம். பெண்ணுக்கு 24 வயது. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் வேலை. தகப்பன் இல்லை. தாயும் ஒரு தங்கையும். வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒருநாள் கையும் முகமும் ஒரு பக்கமாக இழுக்க, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பரிசோதித்து மாத்திரை தந்தார்கள். “ஒரு வேளைகூட விடக்கூடாது. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக்கூடாது” என்று தாயிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அந்த அறிவுரையில் பிழையேதும் இல்லை. தாய் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காய்ச்சல் வந்தது. கண்ணில் எரிச்சல், தொண்டையில் வலி. மறுநாள் பக்கத்து மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தார் தாய். அதற்கு மறுநாள் அதே அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த இரண்டாவது வருகைதான் சீட்டில் இருப்பது. வீட்டுக்கு வந்த இரவு நெஞ்சில் சிவப்புத் தடிப்பு கண்டது, விடிவதற்குள் கொப்புளம். தெருவே சேர்ந்து ‘அம்மை’ என்றது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிதம் நிறுத்தினார்கள். கண் சிவந்து மூடியிருந்ததால் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டுதல். அம்மை கண்ட வீட்டில் மருந்து தரமாட்டார்கள். ஆனாலும் அந்தத் தாய் வலிப்பு மாத்திரையை மட்டும் விடவில்லை. டாக்டரம்மா சொன்னது காதில் நின்றிருந்தது. வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாத பிள்ளைக்கு மாத்திரையைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து ஊட்டியிருக்கிறார். இதை என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னபோது அவர் அழவில்லை. “நான் கரைச்சுக் கொடுத்தேன்யா, நான்தான் கொடுத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டியில் வந்து சேர்ந்தபோது தோல் நோய்ப் பிரிவில் பார்த்தவுடன் மருந்தால் வந்தது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். துணி ஒட்டினால் தோல் உரியும் என்பதால் வாழையிலை விரித்து அதன்மேல் கிடத்தினார்கள். அந்தப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் அவளை மீட்டெடுத்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தத் தனியார் மருத்துவமனையும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. உயிர் தங்கியது. கண்கள் தங்கவில்லை. இமையின் உட்புறம் வெந்து, ஆறும்போது விழியோடு ஒட்டி, கருவிழி வெளுத்துப்போனது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1922-ல் விவரித்த நோய் இது. அவர்கள் பெயரிலேயே அழைக்கிறார்கள். தோல் உரிந்த பரப்பு உடம்பில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போனால் அதற்கு வேறு பெயர். அந்த நிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறக்கிறார். பெரும்பாலும் மருந்தால் வருவது. வலிப்பு மருந்துகள், சல்பா மருந்துகள், யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோபியூரினால் ஆகியவை முன்வரிசையில் நிற்பவை. கோடிக்கணக்கானோர் இவற்றைச் சாப்பிட்டு நலமாக இருக்கிறார்கள். மிகச் சிலருக்கு உடம்பு இப்படி எதிர்க்கிறது. அந்தச் சிலர் யார் என்பதில் ஒரு தடயம் 2004-ல் கிடைத்தது. கார்பமாசெபினால் இந்நோய் வந்த 44 பேரைத் தைவானில் சோதித்தபோது 44 பேரிடமும் எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது. 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்கும் முன் அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னது. எங்கள் கட்சிக்காரருக்கு மாத்திரை கொடுத்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து.

எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது என்பதே முதல் கேள்வி. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பு, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது பலர் கவனத்தில் இருப்பதில்லை. இதே நோயில் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்று 1998-ல் இறந்த அனுராதா சாஹாவின் கணவர் நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி, 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் வட்டி நீங்கலாக ஏறத்தாழ 6 கோடி ரூபாய் பெற்றார். அது தனியார் மருத்துவமனை. பணம் கட்டாத நோயாளிக்கு அந்தக் கதவு இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் மருந்துதான் காரணமா, கவனக்குறைவு உண்டா என்று சாட்சி விசாரித்துத் தீர்க்கவேண்டிய விஷயங்களை அங்கே எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள். மிச்சமிருந்தது சார்பு நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு. அப்போது தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் நீதிமன்றக் கட்டணம். தீப்பெட்டிக் கூலியில் அதைக் கட்ட முடியாது. வறியவர் என்று மனுப் போட்டு, வருவாய்த்துறை விசாரணை முடிந்து, வழக்கு எண்ணாகவே நீண்ட காலம் ஆனது.

எதிர்த்தரப்பில் யாரைச் சேர்ப்பது என்பது இரண்டாவது கேள்வி. தாய்க்கு அதில் சந்தேகமே இல்லை.

“அந்த டாக்டரம்மாவக் கூண்டுல ஏத்தணும் ஐயா. கண்ணு போச்சுல்ல எம்பிள்ளைக்கு?”

சீட்டில் சி.எஸ்.டி. எழுதியவர் பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத உதவி மருத்துவர். அவரைப் பெயர் சொல்லிப் பிரதிவாதி ஆக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். மாவட்ட ஆட்சியர் வழியாக அரசு, துறை இயக்குநர், கண்காணிப்பாளர் ஆகியோர் பதவி வழியில் பிரதிவாதிகள். அவ்வளவுதான். தாய் என்னை நம்பி வந்தவர். அவருக்கு விளங்கும்படி சொல்லவேண்டியது என் கடமை. “அந்தம்மாவத் தனியா நிறுத்தினா அவங்க வாயத் திறக்க மாட்டாங்கம்மா. எனக்கு அவங்க பேசணும். பணம் தரவேண்டியது கவர்மெண்ட்டு. அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லவேண்டியது அவங்க” என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் இருந்தது. இந்த வழக்கை நான் விடாமல் நடத்தியதற்கும், இன்று எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஒரு மருந்து கடைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடம் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேடு அந்தச் சோதனையில் தட்டுப்படாமலே போகலாம். லட்சக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அது வெளியே வரும். வெளியே வந்தாலும், அதை முதலில் பார்க்கிற மருத்துவர் எங்காவது எழுதி அனுப்பினால்தான் பிறருக்குத் தெரியும். தாலிடோமைடு 1957 முதல் ஜெர்மனியில் விற்றது. கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகளுக்கும் அந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பை 1961 நவம்பரில் ஹாம்பர்க்கின் மருத்துவர் லென்ஸ் சொன்னார். டிசம்பரில் சிட்னியின் மெக்பிரைடு லான்செட் இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். அதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பேரிழப்பிலிருந்து 1968-ல் உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளோடு ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. 1978 முதல் சுவீடனின் உப்சாலாவில் அதன் மையம் இயங்குகிறது. இந்தியாவில் இப்போதுள்ள மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தொடங்கி, 2011 ஏப்ரலில் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது. மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் அமைத்தார்கள். சந்தேகம் எழுந்தாலே போதும், ஒரு படிவத்தை நிரப்பி மையத்துக்குக் கொடுக்கலாம். அங்கிருந்து காசியாபாத், அங்கிருந்து உப்சாலா.

எங்கள் கட்சிக்காரர் பற்றி அந்தப் படிவம் எழுதப்படவில்லை. மாத்திரை கொடுத்த இடத்திலும் எழுதவில்லை, உயிரைக் காப்பாற்றிய இடத்திலும் எழுதவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அந்த நோயாளி தொடர்பாக அறிக்கை எதுவும் அனுப்பியதாகப் பதிவில்லை என்று பதில் வந்தது.

அரசுத் தரப்பின் எதிர்வழக்குரையோடு ஓர் ஆய்வகச் சான்றையும் இணைத்திருந்தார்கள். அந்தத் தொகுதி மாத்திரைகளின் மாதிரி சோதிக்கப்பட்டது, நற்தரமானது என்று. அரசு வழக்கறிஞர் அதையே தன் வலுவான ஆயுதமாக எண்ணினார். நான் எதிர்க்காமல் சான்றாவணமாகக் குறியீடு செய்ய இசைந்தேன். மாத்திரை கெட்டது என்பது எங்கள் வழக்கே அல்ல. 1972-ல் சென்னையில் நச்சுக் கரைப்பான் கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. அவை கலப்படத்தின் கொடுமை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் கண்டுபிடித்துவிடலாம். சுத்தமான மாத்திரை ஒரு குறிப்பிட்ட உடம்புக்குச் செய்யும் கேட்டை எந்த ஆய்வகமும் காட்டாது. அதைக் காட்டக் கூடியவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் மட்டுமே.

மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பேராசிரியருக்கு நீதிமன்ற அழைப்பாணை பெற்று எங்கள் தரப்புச் சாட்சியாக அழைத்தோம். கண்காணிப்பு மையத்தின் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அரசு ஊழியர் அரசுக்கு எதிரான வழக்கில் சாட்சி சொல்ல வந்த சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கூண்டில் ஏறிய பிறகு வகுப்பில் பாடம் நடத்துகிறவராக மாறிவிட்டார். சந்தேக மருந்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை எடைபோட நரான்ஹோ என்பவரும் உடனாய்வாளர்களும் 1981-ல் வகுத்த பத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். இதற்கு முன் இப்படி நடந்ததாக உறுதியான பதிவுகள் உண்டா? உண்டு. மருந்துக்குப் பிறகு வந்ததா? ஆம். நிறுத்தியதும் குறைந்ததா? ஆம். வேறு காரணம் இருக்க முடியுமா? இல்லை. நோயைக் கண்ணால் கண்டு உறுதிசெய்தார்களா? ஆம். மதிப்பெண் 7. ஐந்திலிருந்து எட்டுவரை ‘அநேகமாக’ என்ற வகை. ஒன்பதிலிருந்துதான் ‘உறுதி’.

குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர் அங்கேதான் பிடித்தார். மருந்துதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று உங்கள் அளவுகோலே சொல்கிறதல்லவா? பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “உறுதின்னு மதிப்பெண் வரணும்னா அதே மாத்திரையை அந்தப் பொண்ணுக்கு மறுபடி கொடுத்து, மறுபடி தோல் உரியுதான்னு பார்க்கணும் சார். எந்த டாக்டரும் அதைச் செய்ய மாட்டார்.” நீதிபதி பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். உரிமையியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, எந்தப் பக்கம் வாய்ப்பு ஓங்கி நிற்கிறது என்று பார்த்தால் போதும் என்ற அடிப்படைச் சட்டத்தை வாதத்தில் நான் சுருக்கமாகச் சொன்னேன். பேராசிரியரின் பதிலுக்குப் பிறகு நீட்ட வேண்டியிருக்கவில்லை.

மெடிக்கலில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை காரணமாக இருக்கலாமே என்ற வாதமும் வந்தது. நான் தேதிகளைத்தான் நம்பியிருந்தேன். காய்ச்சலும் கண் எரிச்சலும் பதினாறாம் நாள். கடை மாத்திரை பதினேழாம் நாள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோய்க்கு அதன்பின் வாங்கிய மாத்திரை காரணமாக முடியாது. அந்தத் தாய் மெடிக்கல் பில்லைத் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தது வழக்கின் பெரிய அதிர்ஷ்டம்.

இங்கே ஒரு விஷயம். என் ஜூனியர் நல்ல உழைப்பாளி. கண்காணிப்பு மையத்துக்கு இதுவரை வந்த எல்லா அறிக்கைகளையும், எழுதிய மருத்துவர்களின் பெயரோடு, நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கோரி மனுப் போடலாம் என்று தயார் செய்து வந்தார். வேறு நோயாளிகளுக்கும் இதே மருந்தால் கேடு வந்திருந்தால் நம் பக்கம் வலுக்கும் என்பது அவர் கணக்கு. வழக்குக்கு அது நிச்சயம் உதவியிருக்கும். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் படிவத்தின் அடியில் இரண்டு உறுதிமொழிகள் அச்சிட்டிருக்கிறார்கள். இதை அனுப்புவது மருத்துவரோ மருந்தோ கேட்டுக்குக் காரணம் என்று ஒப்புக்கொள்வதாகாது. அனுப்பியவருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் வராது. யாரோ ஒரு மருத்துவர் அதை நம்பி எழுதியதை நான் நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தால், அந்த மாவட்டத்தில் அதன்பின் எவரும் எழுதமாட்டார். என் கட்சிக்காரருக்கு நேர்ந்தது பிறகு வருகிறவர்களுக்கும் நேரும். ஆகவே தோல் நோய்ப் பிரிவின் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் கேட்டோம். அது சாதாரண மருத்துவமனை ஆவணம்.

பதிவேடு வந்தது. எங்கள் கட்சிக்காரர் சேர்க்கப்படுவதற்குச் சில மாதம் முன்னால் ஓர் ஆண் நோயாளி. அனுப்பியது அதே அரசு மருத்துவமனை. நோய் அதே. மருந்துக்கான இடத்தில் கார்பமாசெபின். கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘இறப்பு’. அவரைப் பற்றியும் படிவம் போயிருக்கவில்லை. நீதிமன்றத்தில் அந்த வரியை நான் படித்தபோது தாய் பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த முதல் நோயாளிக்காக ஒரு தாள் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மையத்தின் குழு கூடி ஆராய்ந்திருக்கும். அனுப்பிய மருத்துவமனைக்கு, இந்த மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரத்தில் காய்ச்சலோடு கண், வாய் புண்ணானால் உடனே நிறுத்துங்கள் என்று திரும்பச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சொல்வதற்கான வழி அது ஒன்றுதான்.

உதவி மருத்துவரை அரசே தன் சாட்சியாக நிறுத்தியது. என் முறை வந்தபோது நான் குரலை உயர்த்தவில்லை. சீட்டைக் காட்டினேன். தன் கையெழுத்துதான் என்றார். அன்று காலை ஓ.பி. நேரம் முழுக்கத் தனியாகப் பார்த்ததாகவும், கண்நோய் பரவியிருந்த காலம் என்பதால் அதுவென்றே நினைத்ததாகவும் சொன்னார். படிவத்தைக் காட்டினேன்.

“படிக்கிறப்போ பார்த்திருக்கேன் சார். இங்க வந்து பார்த்ததில்ல.”

நீதிபதி குறுக்கிட்டார். “அந்தப் பெண்ணுக்கு இப்படி ஆனது பிறகு உங்களுக்குத் தெரிந்ததா?”

“தெரிஞ்சது.”

“அப்போது இந்தப் படிவம் கையில் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்களா?”

அவர் அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்து, “எழுதியிருக்க மாட்டேன் ஐயா. நான் எழுதினா அதுவே எனக்கு எதிரா சாட்சியாகிடும்னு பயந்திருப்பேன்” என்றார்.

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எந்தக் கூண்டிலும் அதிகம் கேட்டதில்லை. பிரதிவாதியாகப் பெயர் சேர்த்திருந்தால் இந்தச் சொற்கள் வந்திருக்காது. 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான கட்டுரை ஒன்றைப் பேராசிரியர் முன்பே குறிப்பிட்டிருந்தார். மருந்தால் வரும் கேடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எழுதப்படாமலே போகின்றன என்பது அதன் முடிவு. ஏன் போகின்றன என்பதற்கு அந்த இளம் மருத்துவர் சொன்னதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பயத்தில் பாதி எங்களைப் போன்ற வழக்கறிஞர்களைப் பற்றியது.

இறுதி வாதத்தில் அரசுத் தரப்பு சமீரா கோலி வழக்கின் 2008 தீர்ப்பை எடுத்துவைத்தது. நோயாளியின் சம்மதம் பெறும்போது மிக அரிதான அபாயங்களையெல்லாம் விவரித்து அச்சுறுத்த வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது. வலுவான வாதம்தான். நான் வேறு இடத்தில் நின்றேன். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சம்மதம் கேட்பது ஒன்று. மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறவரிடம், இன்ன அறிகுறி கண்டால் ஓடி வா என்று சொல்லி அனுப்புவது வேறொன்று. ‘ஒருபோதும் நிறுத்தாதே’ என்ற கட்டளையோடு அனுப்புகிற மருத்துவமனைக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. அம்மை என்று எண்ணித் தாமதித்தது தாயின் தவறு என்றார்கள். அந்தத் தாய்க்கு வேறெந்தப் பெயரை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது, முழுமையாக அல்ல. மருந்தைத் தொடங்கியதில் குறையில்லை. இரண்டாவது வருகையில், காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு மூன்றும் சேர்ந்திருந்தும் மருந்தைத் தொடரச் சொன்னது கவனக்குறைவு. எச்சரிக்கை சொல்லாததும் குறை. ஊழியரின் செயலுக்கு அரசு பொறுப்பு. ஆனால் படிவம் அனுப்பாததைக் கடமை தவறியதாகக் கொள்ள நீதிபதி மறுத்துவிட்டார். மருத்துவர்களை அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, தன்னார்வத் திட்டம்தான் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. மருந்து நிறுவனங்களுக்கு 2016-ல் விதியைத் திருத்திக் கண்காணிப்புப் பிரிவு வைத்துக்கொள்ளும் கட்டாயத்தைக் கொண்டுவந்தார்கள். நோயாளியைப் பார்ப்பவருக்கு அப்படி ஒன்று இல்லை.

இதில் என் கருத்து உறுதியானது. தனி மருத்துவர்மேல் கட்டாயத்தைச் சுமத்தினால் பயம்தான் கூடும். மருத்துவமனை என்ற நிறுவனத்தின்மேல் சுமத்த வேண்டும். எழுதாத மருத்துவமனை பதில் சொல்லட்டும். எழுதிய மருத்துவரைச் சட்டம் காக்கட்டும். கூடவே, பாதிக்கப்பட்டவர் யார்மேலும் குற்றம் நிரூபிக்காமலே நிவாரணம் பெற ஒரு நிதி வேண்டும். ஜப்பானில் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு நம் ஊரிலும் ஒரு காலத்தில் தாராளமாக விற்ற கிளியோக்வினால் மருந்து, அங்கே சுமார் பத்தாயிரம் பேரின் கால்களையும் பார்வையையும் பாதித்தது. 1970-ல் தடை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஊர் ஊராக வழக்குப் போட்டு வென்றார்கள். அதன் விளைவாக 1979-ல் சட்டம் வந்தது. 1980 முதல் மருந்து நிறுவனங்கள் கட்டும் தொகையிலிருந்து நிவாரணம் தருகிறார்கள். முறையாகச் சாப்பிட்ட மருந்து கேடு செய்தால் போதும், யார் தப்பு என்ற கேள்வி இல்லை. அங்கே மருத்துவர் எழுதித்தருவது நோயாளிக்கு உதவும் ஆவணமாகிறது. இந்தியாவில் மருந்துப் பரிசோதனையில் பங்கேற்றுப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2013 முதல் இழப்பீட்டு விதி உண்டு. சந்தைக்கு வந்த மருந்தால் கண் போனவர்கள் இன்றும் எங்கள் கட்சிக்காரரைப் போல வறியவர் மனுவிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசு மேல்முறையீடு செய்தது. அது நிலுவையில் இருக்கும்போது லோக் அதாலத்துக்குப் போனது. கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைதான். தாய் சம்மதித்தார். பெண்ணுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. அங்கே முடிந்தால் அதற்குமேல் முறையீடு கிடையாது என்பது எங்களுக்கு வசதி. நான் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்க்கக் கேட்டேன். அவள் பெயரில் போகாமல் போன படிவம் போக வேண்டும். காலம் கடந்தும் அனுப்பலாம் என்று பேராசிரியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அரசுத் தரப்பில் ஆட்சேபம் இல்லை. படிவத்தை எழுதியது வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருந்த அதே மருத்துவர். தானே முன்வந்தார். பதிவேட்டில் இருந்த அந்த ஆண் நோயாளிக்கும் மையத்திலிருந்து ஒன்று எழுதினார்கள்.

இதற்கிடையே நோயாளிகளே எழுத வழி வந்துவிட்டது. 2013-ல் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண். 2014-ல் பொதுமக்களுக்கான படிவம். பின்னர் அது தமிழிலும் வந்தது. வழக்கறிஞர் சங்கக் கூட்டங்களில் நான் அந்தப் படிவத்தின் பிரதிகளைக் கொடுப்பது உண்டு. இப்படிச் சேர்கிற தாள்களிலிருந்துதான் எச்சரிக்கைகள் பிறக்கின்றன. மாதவிடாய் வலிக்குப் பலரும் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் காசியாபாத்திலிருந்து வந்த அறிவிப்பு அப்படிப்பட்டது.

லோக் அதாலத் உத்தரவு கைக்கு வந்த பிறகு தாய் பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்றார். நன்றி சொல்வதற்கு என்று நினைத்துக் கூட்டிப் போனேன். அவர் கேட்டது வேறு.

“சின்னவ இருக்காய்யா. அவளுக்கும் ஒரு நா இந்த மாத்திரைய யாராச்சும் குடுத்துட்டா?”

வழக்கு முழுவதிலும் எனக்கோ, எதிர்த்தரப்புக்கோ, நீதிமன்றத்துக்கோ தோன்றாத கேள்வி. மரபணு சம்பந்தப்பட்டது என்பதால் உடன்பிறந்தவளுக்கும் அந்த வாய்ப்பு உண்டு என்றார் பேராசிரியர். இரண்டு அட்டைகள் எடுத்தார். மூத்தவளுடையதில் கார்பமாசெபின் கூடவே கூடாது என்றும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பினைட்டாயின், பினோபார்பிடோனும் வேண்டாம் என்றும் எழுதினார். சின்னவளுடையதில், அக்காவுக்கு நேர்ந்ததை ஒரு வரியில் குறித்து, சோதித்துப் பார்க்காமல் இம்மருந்துகளைத் தர வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் இதைக் காட்ட வேண்டும் என்று தாயிடம் இரண்டு முறை சொன்னார்.